செல்வராசா விழவில்லை

மெல்பேர்ன்
2009 செப்டெம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

இன்றைக்குச் சரியாக ஏழு நாள் கழித்து, 13ஆம் திகதி காலை, நீ மில்டூராவுக்குப் புறப்படுகிறாய். அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலையாட்களை நடத்தும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருக்கிறது. நாற்பது பேர், பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், தோட்டத்துக்குள்ளேயே உள்ள விடுதியில் தங்குகிறவர்கள். ஜூலை 26ஆம் திகதி மதியச் சாப்பாட்டின்போது இதை நீ எங்களிடம் சொன்னாய். அம்மாவுக்குக் கண் கலங்கியது. நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்கள் வந்த புதுசில ஃபாம்ல ஆக்களை வைச்சு நடத்தினனீங்கள்தானே, எனக்கு ரெண்டு டிப்ஸ் சொல்லுங்கோவன்" என்று கேட்டாய். நான் பாதிச் சோற்றுடன் எழுந்து கை கழுவப் போனேன். அப்பா புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறார் என்று நீ அம்மாவிடம் சிரித்துச் சொன்னது குழாய்ச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அது கூச்சம் இல்லை. அது என்ன என்பதைச் சொல்ல எனக்கு ஆறு வாரம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். வந்த காலத்து அனுபவங்களைப் பற்றி மூத்தவர்கள் எழுதவேண்டும் என்று மலர்க்குழு கேட்டிருந்தது. மகனுக்கு எழுதுவதை ஏன் ஊருக்குக் காட்டவேண்டும் என்று நீ கேட்கலாம். ஒரு மனிதனின் பெயர் ஊரறியக் கெட்டது. கெடுத்தவன் வீட்டுக்குள் இருந்து மகனின் காதில் மட்டும் உண்மையைச் சொன்னால் அது பாதி உண்மைதான். மலர் அச்சுக்குப் போவதற்கு முன் நீ படிக்கவேண்டும் என்பதற்காக உன் பிரதியை முதலில் தருகிறேன்.

முதலில் உன் பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து தொடங்குகிறேன். 1996 ஆகஸ்ட், நீ பதினோராம் வகுப்பு. உன் ஆங்கில ஆசிரியை சில அமெரிக்கக் கதைகளைத் தொகுத்துத் தந்திருந்தார். பெரும் பொருளாதார மந்தம் நிலவிய ஆண்டுகளில் மாட்டுப் பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த ஆண்களைப் பற்றிய கதைகள். அந்தத் தொழிலாளர்களிடையே அதிகாரமும் தனிமையும் வன்முறையும் ஒன்றையொன்று எப்படி வளர்க்கின்றன என்பதுதான் கேள்வி. 10ஆம் திகதி சனிக்கிழமை நீ எழுதியதை என்னிடம் பார்க்கத் தந்தாய். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, கட்டுரையைத் தொடுவதற்கு முன் அந்தக் கதைகள் எல்லாவற்றையும் அகராதியோடு படித்தேன். திங்கட்கிழமை மாலை வரை படித்தேன். இலக்கணம் பார்க்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன்.

தோளில் ஒரு மூட்டையோடு பண்ணை பண்ணையாக அலையும் ஆண்கள். நீண்ட கொட்டகையில் ஆளுக்கொரு கட்டில், உடைமைகளை வைக்க ஆளுக்கொரு பெட்டி. ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஆனால் ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பது மற்றவனுக்குத் தெரியாது. முதலாளி எப்போதாவதுதான் வருகிறார். அடி விழும்போது பெரும்பாலும் அவர் அங்கே இல்லை. ஒரு படி மேலே நிற்பவன் ஒரு படி கீழே நிற்பவனை அடிக்கிறான். அந்தக் கீழே நிற்பவனுக்கு மட்டும் படுக்கை வேறு இடத்தில் போடப்பட்டிருக்கிறது. தோலின் நிறமோ, வயதோ, வளைந்த முதுகோ, ஏதோ ஒரு காரணம். உன் கட்டுரையில் நீ முதலாளியே எல்லா அதிகாரத்துக்கும் ஊற்று என்று எழுதியிருந்தாய். மதிப்பெண்ணுக்கு அது போதும். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்தக் கதைகள் வேறொன்றைச் சொல்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. தனிமையில் வெந்து கிடக்கிறவன் கையில் ஒரு கரண்டி அதிகாரத்தைக் கொடுத்தால், தன்னைவிடத் தனித்துப்போன ஒருவனை உண்டாக்கத்தான் அவன் அதை முதலில் செலவழிக்கிறான். இதை நான் உன் கட்டுரையின் ஓரத்தில் எழுதவில்லை. மூன்று காற்புள்ளிகளைத் திருத்தினேன்.

அப்போது நீ கேட்டாய்: "அப்பா, நீங்கள் இருந்த ஃபாமும் இப்பிடித்தானோ?"

"சீ, எங்கட ஆக்கள் அப்பிடி இல்லை. நாங்கள் ஆறு பேரும் ஒரு குடும்பம் மாதிரி இருந்தனாங்கள்" என்று சொன்னேன்.

நீ அதையே கட்டுரையின் கடைசிப் பத்தியாக்கினாய். கதையில் வரும் கொட்டகைக்கு எதிராக உன் அப்பாவின் கொட்டகையை நிறுத்தினாய். ஆசிரியை அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் கோடிட்டு, மிக அழகு என்று எழுதியிருந்தார். அம்மா அதை உன் சான்றிதழ்களோடு கோப்பில் வைத்திருக்கிறாள். மகனே, நாங்கள் ஆறு பேர் இல்லை. ஏழு பேர். திகதியிலும் எண்ணிக்கையிலும் தவறு விட்டால் பிறரைக் கண்டிக்கிற உன் அப்பா, தன்னோடு எட்டு மாதம் வேலை செய்த ஒருவனை எண்ணாமல் விட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1985 பெப்ரவரி 9. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இருபத்திரண்டு ஆண்டு எழுதுவினைஞராக இருந்தவனுக்கு இங்கே கிடைத்த வேலை கிரான்போர்னுக்கு அப்பால் ஒரு மரக்கறித் தோட்டத்தில் லெற்றியூசும் செலரியும் வெட்டிப் பெட்டியில் அடுக்குவது. முதலாளி இத்தாலியிலிருந்து வந்த முதியவர். அவருடைய ஆங்கிலமே உடைந்த ஆங்கிலம். என் கச்சேரி ஆங்கிலம் அவருக்கு நீதிபதி பேசுவதுபோல் இருந்திருக்கவேண்டும். மூன்று மாதத்தில் என்னை லீடிங் ஹாண்ட், ஆட்களை மேற்பார்க்கிறவன், ஆக்கினார். தமிழ்ப் பெடியன்களுக்கு யார் எந்த வரிசையில் வெட்டுவது, யாருக்கு எந்தக் கட்டில், குசினியில் சமைப்பது யாருடைய முறை, எல்லாம் என் கையில் வந்தன. அவர்களுடைய குடிவரவுப் படிவங்களை நிரப்பினேன். ஊருக்குக் கடிதம் எழுதத் தடுமாறுகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சொல்வதை முதலாளிக்கும் முதலாளி சொல்வதை அவர்களுக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். மற்ற இடங்களில் வயதில் மூத்தவனை அண்ணை என்பார்கள். என்னை ஐயா என்றார்கள். நீயும் அம்மாவும் அப்போது ஊரில். உன் குரலை மறந்துவிடுவேனோ என்று பயந்த நாட்கள் அவை. அந்த ஐயா என்ற சொல் எனக்கு இனித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

1986 மார்ச் 10, திங்கட்கிழமை, செல்வராசா வேலைக்கு வந்தார். இருபத்திநான்கு வயது, தோளில் ஒரு பை. கொட்டகை வாசலில் வைத்து அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். "ஊர் எது? ஊரில எந்தப் பக்கம்? ஆரின்ர மகன்?" எங்கள் மண்ணைச் சேராதவர்களுக்கு இவை நலம் விசாரிப்பதுபோல் இருக்கும். எங்களுக்குள் இந்த மூன்றுக்கும் விடை வந்தால் ஒருவனின் சாதி தெரிந்துவிடும். அந்தச் சொல்லை வாயால் சொல்லவே தேவையில்லை. நாங்கள் ஏழு பேரும் 1983 கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர்கள். தெருவில் மறித்து, நீ யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அடித்தவர்களிடமிருந்து தப்பியவர்கள். அப்படி வந்த நான், வந்த இடத்தில் ஒரு வாசலில் நின்று, அதே கேள்வியைக் கேட்டேன். செல்வராசாவுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று தெரியும். பக்கத்து ஊரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். உள்ளதைச் சொன்னார்.

கொட்டகையில் இடம் இல்லை என்றேன். எட்டுக் கட்டில்கள், ஆறு பேர். இயந்திரக் கொட்டிலில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். குறட்டை விடுகிற ஆள், தனியாகப் படுக்கத்தான் விருப்பமாம் என்று முதலாளியிடம் சொன்னேன், அவர் சிரித்தார். தேநீர் குடிக்க எல்லோருக்கும் எனாமல் பேணிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரின் முதல் எழுத்தை நானே வண்ணத்தால் எழுதியிருந்தேன். செல்வராசாவின் பேணியில் எழுத்துப் போடவில்லை. விளிம்பைச் சுற்றி நீல வளையம் ஒன்று வரைந்தேன். கோடு கோணாமல் வரைந்தேன். பேணிகள் மாறக்கூடாது, அது சுத்தம், ஒழுங்கு என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒழுங்கு என்ற சொல்லுக்குப் பின்னால் நான் எத்தனை ஆண்டுகள் ஒளிந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் என் கையெழுத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் எங்களோடு மேசையில் சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவார். ஊரில் வாகனம் திருத்தும் கராச்சில் வேலை பழகியவர், ஆகவே பின்னேரங்களில் பழைய டிராக்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். வேலை செய்யும்போது தனக்குள் பேசும் பழக்கம் அவருக்கு. எங்களில் யோகன் என்றொரு பெடியன், இருபத்திரண்டு வயது, கலவரத்தில் தமையனைப் பறிகொடுத்தவன், டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் கொட்டில் வாசலில் நின்று, "என்ன, மனிசியோட கதைக்கிறியோ? என்ன சொல்லுறா, ஸ்டார்ட் ஆவாவாமோ?" என்று கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கடிதங்களை மேசையைச் சுற்றி இருந்து வாசிப்போம். அவரவர் கடிதத்தில் பொதுவான செய்தியை மற்றவர்களுக்கும் உரக்கப் படிப்பது வழக்கம். செல்வராசா வெளியே ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்து கேட்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர் என்பதால் அவருக்கும் நான்தான் கடிதம் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? அவர் யன்னலுக்கு வெளியே நின்று சொல்வார். நான் உள்ளே கதிரையில் இருந்து எழுதுவேன். உள்ளே வா என்று ஒருநாளும் சொல்லவில்லை. மழை தூறிய நாளிலும் சொல்லவில்லை. ஊரில் அவருடைய தாய் தனியே இருந்தார். அயலில் ஒருவர் வாசித்துக் காட்டினால்தான் அவருக்கு விளங்கும். அந்தத் தாய்க்கு, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செல்வராசா சொன்ன வாக்கியம் இது: "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா. இஞ்ச எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடுறம். ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறம்."

அதை நான் எழுதினேன். பத்து ஆண்டுக்குப் பிறகு உன் கட்டுரைக்கு நான் கொடுத்த வாக்கியம் என்னுடையது இல்லை, மகனே. தாயின் மனம் நோகக்கூடாது என்று அவர் சொன்ன பொய்யை, என் மானம் போகக்கூடாது என்று நான் எடுத்துப் பயன்படுத்தினேன்.

1986 நவம்பர் 13, வியாழக்கிழமை. கடும் வெயில். அந்த வாரம் முதலாளி டிராக்டர்ச் சாவியை யோகனிடமிருந்து வாங்கிச் செல்வராசாவிடம் கொடுத்திருந்தார். திருத்தியவனே ஓட்டட்டும் என்பது அவருடைய நியாயம். யோகன் இரண்டு நாளாக ஒருவரோடும் பேசவில்லை. அன்று பின்னேரம் மூன்றரை மணித் தேநீருக்கு முதலாளி செல்வராசாவின் தோளில் கை போட்டுக் கொட்டகைக்குள் அழைத்து வந்தார். எட்டு மாதத்தில் செல்வராசா உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. மேசையில் என் கதிரையில் இருத்தினார். கைக்கு எட்டிய பேணியை எடுத்துத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அது என் பேணி. செல்வராசா என்னைப் பார்த்தார். முதலாளி, குடி குடி என்றார். அவர் குடித்தார். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. பழைய டிராக்டர் பாடுவதைப் பற்றி ஏதோ பகிடி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். செல்வராசாவும் எழுந்து வெளியே போனார்.

நான் யாரையும் அடிக்கவில்லை. யாரையும் அடி என்று சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் இருபத்திரண்டு ஆண்டுகள் என் நெஞ்சுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். நான் செய்தது இவ்வளவுதான்: எழுந்து போய், மேசையிலிருந்த என் பேணியை இரண்டு விரலால் தூக்கி, எல்லோரும் பார்க்கக் குப்பை வாளிக்குள் போட்டேன். பிறகு கையைக் கழுவினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது யோகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் வெளியே சத்தம் கேட்டது. நீர் பாய்ச்சும் அலுமினியக் குழாயால் யோகன் செல்வராசாவின் வலக்கையை மூன்று தடவை அடித்திருந்தான். சாவி வைத்திருந்த கை. யோகன் 2003இல் இறந்துவிட்டான். பழியை அவனோடு புதைத்துவிட எனக்கு வழி இருந்தது. ஆனால் அவனுக்கு அனுமதி கொடுத்தது அந்தக் குப்பை வாளியின் சத்தம்.

முதலாளி ஓடி வந்தார். என்ன நடந்தது என்று செல்வராசாவைக் கேட்டார். இடக்கையால் வலக்கையை ஏந்தியபடி அவர் தமிழில் தெளிவாகச் சொன்னார்: "யோகன் பைப்பால அடிச்சவன்."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். டிராக்டரில் இருந்து தவறி விழுந்துவிட்டதாகச் சொல்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குடித்திருந்தானா என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கி, பார்வையைத் தாழ்த்தினேன். வார்த்தையால் சொன்ன பொய்யைவிட அது பெரிய பொய். செல்வராசா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை. ஆங்கிலம் விளங்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். குடித்துவிட்டு டிராக்டரில் ஏறுகிறவனை முதலாளி வைத்திருக்கமாட்டார். கையில் கட்டோடு மறுவாரமே அவர் போய்விட்டார். வேலையில் பட்ட காயத்துக்குக் கிடைக்கவேண்டிய உதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு மெல்பேர்ன் வீடுகளில், குடித்துவிட்டு விழுந்த செல்வராசா என்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். என் முன்னிலையிலும் பேசினார்கள். நான் திருத்தவில்லை.

நான் நாள்தோறும் குறிப்பேடு எழுதுகிறவன் என்று உனக்குத் தெரியும். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வெயில். செலரி, 210 பெட்டி. செல்வராசா டிராக்டரில் இருந்து தவறி விழுந்தான்." வேறு யாரும் வாசிக்காத என் குறிப்பேட்டிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு நாளும் உண்டு, அதில் நீயும் இருந்தாய். 1999 ஜனவரி 17, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, கேரம் டவுன்ஸ் கோயிலில் மதியச் சாப்பாடு. வரிசையில் நாம் மூவரும் தட்டோடு நின்றோம். சாம்பார் வாளியோடு நின்றவர் இடக்கையால் பரிமாறிக்கொண்டிருந்தார். நமக்கு முன்னால் நின்ற ஒருவர், கோயிலில் இடக்கையால் போடுகிறாரே என்று முணுமுணுத்தார். நீ என் காதருகே, "அந்த அங்கிள் ஏன் லெஃப்ட் ஹாண்டால போடுறார்?" என்று கேட்டாய். "பழக்கமாக்கும்" என்றேன். தயிர்ச்சாதம் வாங்கவேண்டும் என்று சொல்லி உங்கள் இருவரையும் அடுத்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைக் கண்டார். சாம்பாரை அள்ளிய கரண்டி ஒரு கணம் நின்று, பிறகு அடுத்தவரின் தட்டுக்குப் போனது.

ஜூலை 26ஆம் திகதி நீ டிப்ஸ் கேட்ட பிறகு எனக்கு உறக்கமும் சாப்பாடும் சரியாக இல்லை. நாற்பது பேர் படுக்கிற ஒரு விடுதிக்கு நீ தலைவனாகப் போகிறாய், என்னை முன்மாதிரியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு. அதை நான் அனுமதித்தால் இரண்டாவது தடவையும் ஒருவனை அடிக்க விட்டவன் ஆவேன். விசாரித்தேன். ஸ்பிரிங்வேலில் புல்வெட்டும் இயந்திரங்கள் திருத்தும் சிறிய கடை அவருடையது என்றார்கள். ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்குப் போனேன். நாற்பத்தேழு வயது, தலை நரைத்திருந்தது. வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். "வாங்கோ" என்றார். ஐயா என்று சொல்லவில்லை.

1986 நவம்பர் 13ஆம் திகதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"திகதி எனக்கு நினைவில்லை. கைதான் நினைவிருக்கு" என்றார். சிறிது நேரம் ஒரு திருகாணியோடு மல்லுக்கட்டினார். பிறகு, "நீங்கள் அண்டைக்குப் பொஸ்ஸிட்டைச் சொன்ன இங்கிலிஷ் எனக்கு விளங்கினது" என்றார்.

"அப்ப ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?" அவரை நான் வாழ்நாளில் முதல் தடவையாக நீங்கள் என்று அழைத்தேன்.

"நீங்கள்தானே கடிதம் எழுதுற ஆள். உங்களைப் பகைச்சால் அம்மாவுக்கு ஆர் எழுதித் தாறது?"

வாயில்லாத ஒருவரின் வாயாக நான் இருந்தேன்; அதனால்தான் அவர் வாயை மூடினார். பிறகு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார். நாலு மாதம் தாய்க்குக் கடிதம் போகவில்லை. அதற்குப் பிறகு தானே எழுதப் பழகிக்கொண்டாராம், இடக்கையால். மகன் செத்துப்போனதாக நினைத்து அந்தத் தாய் கோயிலில் அழுதுகொண்டு கிடந்ததைப் பின்னர்தான் கேள்விப்பட்டாராம்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எவ்வளவோ ஆயத்தம் செய்துகொண்டு போனவன், அந்த ஒரு சொல்தான் வந்தது.

"அதை இஞ்ச வைச்சிட்டுப் போகாதேங்கோ. எனக்கு வேலை கிடக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சனம் நான் குடிச்சிட்டு விழுந்தனான் எண்டுதான் சொல்லுது. என்ர பிள்ளையளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்ததுகள். நீங்கள் எழுதத் தெரிஞ்ச ஆள்தானே. நான் விழேல்லை எண்டு எழுதுங்கோ. சனம் வாசிக்கிற இடத்தில எழுதுங்கோ." பிறகு, "உங்கட மகனுக்கும் சொல்லுங்கோ. கோயில்ல கண்டனான். என்ர கையைப் பார்த்தவர்" என்றார்.

அவருடைய மேசையில் சூடான தேநீர் இருந்தது. எனக்குத் தரவில்லை. தந்திருந்தால் அதைக் குடித்துவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று நான் வீட்டுக்கு வந்திருப்பேன். தராதது சரி.

எழுதியதைப் போன ஞாயிறு, ஆகஸ்ட் 30ஆம் திகதி, அவருடைய கடையில் வைத்து வாசித்துக் காட்டினேன். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். மாற்றினால் பிறகு யார் விழவில்லை என்று சனத்துக்கு எப்படித் தெரியும் என்றார். இரண்டு இடத்தில் மறித்தார். யோகன் ஒரு தடவை அடித்தான் என்று எழுதியிருந்தேன். மூன்று தடவை என்றார். இன்னோரிடத்தில் அவரைப் பாவம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். கடிதம் வாசித்து முடிந்ததும் தலையை மட்டும் அசைத்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினார். எட்டு மாதம் அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அவர் சொன்னதை மாற்றாமல் சனம் வாசிக்க எழுதுவது இதுவே முதல் தடவை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முயல்கிறேன். போன முதல் நாளே அந்த விடுதிக்குள் போ. கட்டில்களை எண்ணு, ஆட்களை எண்ணு. யாராவது ஒருவன் தனியாகப் படுத்தால், அவனுக்கு அதுதான் விருப்பம் என்று உனக்கு யாராவது சொன்னால், சிரித்துவிட்டுப் போய்விடாதே. என் முதலாளி நல்ல மனிதர். அவர் சிரித்ததால்தான் எட்டு மாதம் அது நடந்தது. சாப்பாட்டு மேசையில் யார் இல்லை என்று பார். ஒருவன் சொல்வதை இன்னொருவன் வாயால் மட்டும் கேட்டு முடிவு எடுக்காதே, அந்த இன்னொருவன் எவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசினாலும். அழகாகப் பேசுகிறவன் என்றால் இரண்டு தடவை கேள். யாரிடமும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்காதே. உன் முன்னால் வேறொருவன் கேட்டாலும் பதில் வருவதற்கு முன் மறித்துவிடு. ஒவ்வொரு நாட்டு மனிதருக்கும் அதற்குச் சமமான கேள்வி ஒன்று இருக்கும். அது எது என்று கண்டுபிடி. இதெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. உன்னைப் பற்றி ஒன்றுதான்: அங்கே நீ தனித்துப்போவாய். மாலை நேரங்களில் உன் குரலே உனக்கு அந்நியமாகக் கேட்கும். அப்போது யாராவது உன்னை ஐயா என்றோ பொஸ் என்றோ அழைத்து, அது இனித்தால், அந்த நாளில் உன் கையை நீ கவனிக்கவேண்டும். அது எதைத் தூக்கி எங்கே போடுகிறது என்று. நீ ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாய். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது போதும்.

உன் கட்டுரையை அம்மாவின் கோப்பிலிருந்து எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் நேற்றுச் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. கடைசிப் பத்தியில் ஆறு என்ற எண்ணை வெட்டி, பென்சிலால் ஏழு என்று எழுதியிருக்கிறேன். மீதியை நீதான் திருத்தவேண்டும். என்னைப் பற்றிய உன் எண்ணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 13ஆம் திகதி காலை என்னைப் பார்க்காமலே போகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போ. நான் பின்வளவில் இருந்துகொள்வேன்.

குறிப்பேட்டிலும் அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன். வெட்டிய வரி வாசிக்கத் தெரியும்படிதான் வெட்டியிருக்கிறேன், அது பொய்யாக இருந்தது என்பதும் பதிவில் நிற்கவேண்டும் என்பதற்காக. அதன் கீழே, இன்றைய திகதியிட்டு, இப்படி எழுதியிருக்கிறேன்:

1986 நவம்பர் 13, வியாழக்கிழமை. வெயில். செலரி, 210 பெட்டி. செல்வராசா விழவில்லை. அவர் என் பேணியில் தேநீர் குடித்தார். நான் அதைக் குப்பையில் போட்டேன். யோகன் அவரை மூன்று தடவை அடித்தான். அவர் உண்மையைச் சொன்னார்.

உன் அப்பா